துணிக்குப் பின்னால் கேட்காத சிரிப்பு: தோல்பாவைக் கூத்தும் ஒரு கைப்பேசிச் செயலியும் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் ஓர் ஊர்ப்புற நூலகம். அதன் வாசகர் வட்டம் ஒரே கல்வியாண்டில் மூன்று தடவை தோல்பாவைக் கூத்து வைத்தது. காலாண்டுத் தேர்வு விடுமுறையில் ஒன்று, அரையாண்டு விடுமுறையில் ஒன்று, பிறகு கோடையில் ஒன்று. மூன்றிலும் கைப்பேசி ஏதோ ஒரு விதத்தில் சேர்ந்திருந்தது. முதல் தடவை நாங்கள் நினைத்தது நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று புரிந்துகொள்ளவே கொஞ்ச நாள் பிடித்தது. கோயில் கொடை விழாவிலோ பள்ளி ஆண்டு விழாவிலோ இதுபோல ஒன்றைச் செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று முழுவதையும் எழுதி வைக்கிறேன். ஒளியும் ஒலியும் என் பொறுப்பில் இருந்தன. அந்தப் பக்கத்துத் தவறுகளுக்கு நானே பொறுப்பு. சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டபடி யார் பெயரையும் எழுதவில்லை.

கூத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சில வார்த்தைகள். விளக்குக்கும் துணித் திரைக்கும் நடுவே தோல் பாவைகளை ஆட்டிக் கதை சொல்வதுதான் தோல்பாவைக் கூத்து. குமரி மாவட்டத்தில் தோல்பாவைக் கூத்து நடத்துகிறவர்கள் மராத்தி பேசும் மண்டிகர் சமூகத்தார். வீட்டில் அவர்கள் மொழி, வெளியே நாஞ்சில் நாட்டுத் தமிழ். பாவைகள் ஆட்டுத் தோலில் செய்தவை. தோலை ஊறவைத்து, மயிரை வழித்து, இழுத்துக் காயவைத்து, உருவம் வரைந்து, உளியால் துளை போட்டு, இரண்டு பக்கமும் சாயம் ஏற்றுவார்கள். வெளிச்சம் தோலுக்குள் புகுந்து வருவதால் துணியில் விழுவது கறுப்பு நிழலாக இருக்காது. சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக ஓர் உருவம் நிற்கும். துளைகள் நகைபோல மின்னும். பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோயில்களில் நடக்கும் கூத்து வேறு மாதிரி. அங்கே மரபாக மான் தோல், கறுப்பு நிழல், பாடுவது கம்பராமாயணப் பாட்டு. நம் பக்கத்தில் ராமாயணம்தான் முதன்மை என்றாலும் நல்லதங்காளும் அரிச்சந்திரனும் உண்டு.

துணிக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாப் பாவைகளையும் ஆட்டுகிறவர் ஒருவர்தான். ராமனுக்கும் ராவணனுக்கும் அனுமனுக்கும் குரல் கொடுப்பதும் அவர்தான். இடையிடையே உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்று இரண்டு கோமாளிகள் வருவார்கள். அவர்களுக்கு ராமாயணத்தில் ஒரு வேலையும் கிடையாது. அந்த ஊர் ரேஷன் கடை, குடிதண்ணீர், பஸ், சண்டை எல்லாம் அவர்கள் வாயில் வரும். கிராமங்களில் நோய்த் தடுப்பு, எய்ட்ஸ் விழிப்புணர்வு போன்ற செய்திகளைக் கொண்டுபோக அரசும் தொண்டு நிறுவனங்களும் பாவைக் கூத்தைப் பயன்படுத்தியபோது, அந்தச் செய்திகளையும் பெரும்பாலும் இந்தக் கோமாளிகள்தான் சுமந்தார்கள். சிரிக்கவைத்துக்கொண்டே சொல்லிக்கொடுப்பது இந்தக் கலைக்கு நாங்கள் கொண்டுவந்த புதுமை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் அப்போது அதை யோசிக்கவில்லை.

இதில் இருந்தவர்கள்: அறுபது வயது தாண்டிய கூத்துக் கலைஞர், ஆர்மோனியம் வாசித்துப் பாட்டும் பாடும் அவர் மனைவி, மிருதங்கம் வாசிக்கும் உறவினர் ஒருவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், திருவனந்தபுரத்தில் மென்பொருள் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப்பெண், நான், அப்புறம் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கும் நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள்.

திட்டம்

யோசனை மென்பொருள் வேலை பார்க்கும் பெண்ணுடையது. அதற்கு அவர் சொன்ன காரணம் எங்கள் எல்லோருக்கும் பிடித்துப்போனது. சின்ன வயதில் அப்பாவோடு கன்னியாகுமரிக்குப் படகில் போய் வள்ளுவர் சிலையைப் பார்த்தாராம். பீடம் 38 அடி, அறத்துப்பாலில் 38 அதிகாரம். பீடத்துக்கு மேல் சிலை 95 அடி, அது பொருளுக்கும் இன்பத்துக்குமான 70, 25. மொத்தம் 133. அப்பா சொல்லச் சொல்ல, அண்ணாந்து பார்த்துக்கொண்டே விரல் விட்டு எண்ணினாராம். "அன்னைக்குப் படிச்ச மாதிரியே தெரியல்ல சார். ஆனா அதுக்கப்புறம் மறக்கவும் இல்ல" என்றார். கூத்திலும் அப்படி ஒரு பாடத்தை ஒளித்துவைக்கலாம் என்பது அவர் எண்ணம்.

மூன்று மாதம், வார இறுதிகளில் உட்கார்ந்து ஒரு செயலி செய்தார். அதில் மூன்று பகுதிகள். ஒன்று, ஆக்மென்டட் ரியாலிட்டி. சுவரில் ஒட்டிய அனுமன் படத்தின் மேல் கைப்பேசிக் கேமராவைக் காட்டினால், படத்தின் கோடுகளையும் மூலைகளையும் செயலி அடையாளம் கண்டு, அதன் மேல் ஓர் அனுமனை எழுப்பிக் கடலைத் தாண்டவைக்கும். இரண்டாவது, ஹெட்போனில் ஒரு விளக்கக் குரல். கூத்து நடக்கும்போதே இது என்ன காட்சி, இந்தச் சாயம் எப்படி ஏற்றுகிறார்கள், இந்தப் பாட்டு என்ன ராகம் என்று சொல்லிக்கொண்டே போகும். மூன்றாவது, காட்சிக்குக் காட்சி ஒரு கேள்வி. சரியாகச் சொன்னால் புள்ளி.

தலைமையாசிரியர் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் அந்த விளக்கக் குரல். ராமாயணத்தை டிவியிலும் யூடியூபிலும் பார்த்த பிள்ளைகளுக்குக் கூத்து மெதுவாகத் தெரியும், நடுவில் எழுந்து போய்விடுவார்கள் என்று பயந்தார். அந்தப் பயம் நியாயமானதுதான். நான் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் எனக்கு அந்தச் செயலி அழகாக இருந்தது என்பதைத் தவிர வேறில்லை.

கலைஞரிடம் தேதி கேட்டோம், நேரம் கேட்டோம், சம்பளம் பேசினோம். செயலி ஒன்று இருக்கிறது என்று போகிறபோக்கில் சொன்னோம். அதைக் கையில் கொடுத்து, "இது உங்க கூத்துக்கு ஒத்துவருமா?" என்று கேட்கவில்லை. மூன்று நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பார்த்தாலும் நாங்கள் செய்த பெரிய தவறு இதுதான்.

முதல் இரவு

காலாண்டு விடுமுறை. மாலையில் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. நூலகத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் துணி கட்டினோம். கதை, இலங்கை எரிப்பு.

செயலி இருட்டில் படத்தை அடையாளம் காணாது என்பது அன்று மாலைதான் தெரிந்தது. ஆகவே துணியின் இரண்டு பக்கமும் ஒட்டியிருந்த படங்களுக்கு மேல் பக்கத்துக்கு ஒரு எல்.இ.டி. டியூப்லைட் மாட்டினேன். படம் தெரிந்தது. ஆனால் அந்த வெளிச்சம் துணியிலும் விழுந்தது. உள்ளிருந்து வரும் நிறத்தை வெளி வெளிச்சம் கழுவிவிட்டது. ராவணனின் பத்துத் தலையும் வெளுத்த காகிதம்போல இருந்தது. அதோடு பிள்ளைகள் கையில் இருந்த கைப்பேசிகள் வேறு. மனிதக் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒரு தடவை வெள்ளைத் திரையைப் பார்த்தால் பழகியது போய்விடும். பிள்ளைகள் கைப்பேசியையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். துணி அவர்களுக்கு இன்னும் மங்கலாகத் தெரிந்திருக்கும்.

ஆனால் பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். அதைச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு நேர்மையாக இருக்காது. ஒருவரும் எழுந்து போகவில்லை. கைப்பேசி கிடைக்காதவர்கள் கிடைத்தவர்களின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பித் தலையாட்டினார். எல்லாம் நன்றாகப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு விஷயம் மட்டும் இடித்தது. உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் வருவார்கள் என்று கலைஞர் சொல்லியிருந்தார். அன்று பத்து நிமிடத்தில் போய்விட்டார்கள். ஒன்றரை மணி நேரக் கூத்து ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

முடிந்ததும் கலைஞர் துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். மண்டபம் நிறைய உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

"பிள்ளைங்க யாரும் வரல்லியோன்னு நெனச்சேன் சாரே," என்றார்.

இரண்டு நாள் கழித்து

பிள்ளைகளை நூலகத்துக்குக் கூப்பிட்டுப் பேசினோம். கேள்வித்தாள் எதுவும் இல்லை. "என்ன ஞாபகம் இருக்கு, சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார் தலைமையாசிரியர்.

யாருக்கு எத்தனை புள்ளி என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. அனுமன் கைப்பேசியிலிருந்து குதித்து மேசைமேல் நின்றது ஞாபகம் இருந்தது. பாவை எந்தத் தோலில் செய்தது என்ற கேள்விக்குப் பலர் சரியான பதில் சொன்னார்கள். அதாவது, விளக்கக் குரல் சொல்லிக்கொடுத்தது ஓரளவு தங்கியிருந்தது. ஆனால் சீதையை அனுமன் கண்ட காட்சியை ஒருவராலும் விவரிக்க முடியவில்லை. கூத்தில் கலைஞர் நிறுத்தி நிதானமாக ஆடிய காட்சி அது. அந்த நேரத்தில் ஹெட்போனில் சாயத்தைப் பற்றிய விளக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குரலில் கதையும் இன்னொரு குரலில் பாடமும் ஒரே சமயத்தில் வந்தால் இரண்டில் ஒன்று போகும். போனது கதை.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "சார், உள்ள எத்தன பேரு இருந்தாவ?"

ஒருவர்தான் எல்லாக் குரலும் என்று சொன்னதும் அவள் நம்பவில்லை. மற்றப் பிள்ளைகளும் நம்பவில்லை. கூத்தில் பெரிய ஆச்சரியமே அதுதான். அந்த ஆச்சரியத்தை எங்கள் செயலி ஓர் இடத்திலும் சொல்லவில்லை. பிள்ளைகளாகக் கண்டுபிடிக்கவும் விடவில்லை.

பிறகு கலைஞர் வீட்டுக்குப் போனோம். அங்கே தெரிந்ததுதான் இந்த ஆய்வின் மையம். துணிக்குப் பின்னால் இருக்கிறவருக்கு முன்னால் இருக்கிற ஆட்கள் தெரியமாட்டார்கள். அவர் முகத்துக்கு எதிரே விளக்கு. விளக்குக்கு அப்பால் துணி. துணிக்கு அப்பால் இருட்டு. அவருக்குக் கிடைப்பதெல்லாம் சத்தம்தான். உளுவத்தலையன் ஒரு பேச்சுப் பேசினால் சிரிப்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, பெண்கள் சிரிக்கிறார்களா பிள்ளைகள் சிரிக்கிறார்களா, எவ்வளவு நேரம் நீள்கிறது என்று கேட்டுத்தான் அடுத்த பேச்சை எடுப்பார். சிரிப்பு வந்தால் நீட்டுவார். குழந்தை அழும் சத்தம் வந்தால் சண்டைக் காட்சியைக் கொண்டுவருவார். எழுதிவைத்த வசனம் என்று கோமாளிகளுக்கு எதுவும் கிடையாது. அந்தச் சிரிப்புதான் அவருக்கு ஏடு.

அன்று பிள்ளைகளின் காதில் ஹெட்போன். பாதிப் பேர் குனிந்து கைப்பேசியில் பதில் தட்டிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு இல்லை. "ஆளில்லாத கோயில்ல மணி அடிச்ச மாதிரி இருந்துது மக்களே," என்று அவர் செயலி செய்த பெண்ணிடம் சொன்னார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது.

இதை யோசிக்கும்போது எனக்கு ஒரு பழைய செய்தி ஞாபகம் வந்தது. உலகத்தில் அருங்காட்சியகங்களுக்கான முதல் ஒலி வழிகாட்டி 1952இல் ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் வந்தது. சிற்றலை வானொலியில் ஒரே விளக்கம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போகும். ஆகவே மொத்தக் கூட்டமும் ஒரே சமயத்தில் ஒரே ஓவியத்தின் பக்கம் திரும்பும். ஓவியத்துக்கு அதனால் எந்த நஷ்டமும் இல்லை. பார்க்கிறவர் சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும் ஓவியம் மாறப்போவதில்லை. கூத்து அப்படி இல்லை. அருங்காட்சியகத்தில் நன்றாக வேலை செய்கிற ஒரு பொருளை நாங்கள் யோசிக்காமல் கூத்துக்குள் கொண்டுவந்துவிட்டோம்.

எடுத்த முடிவு

தலைமையாசிரியர் செயலியே வேண்டாம் என்றார். செயலி செய்த பெண்ணும் அதே மனநிலையில்தான் இருந்தார். இரண்டு பேரையும் தடுத்தது கலைஞர்.

அவருடைய தாத்தா காலத்தில் எண்ணெய் விளக்கு. அப்பா காலத்தில் பெட்ரோமாக்ஸ். இவர் கைக்கு வரும்போது மின்சார பல்பு. விளக்கு மாறும்போதெல்லாம் சாயத்தின் அடர்த்தியை மாற்றவேண்டி வந்தது, துணியிலிருந்து விளக்கின் தூரத்தை மாற்றவேண்டி வந்தது. மைக் வந்தபோது, இனிமேல் தொண்டை கிழியக் கத்தவேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்களாம். "வெளிச்சம் எதுவானாலும் செரி. எனக்குப் பிள்ளைங்க சத்தம் கேக்கணும். அவ்வளவுதான்," என்றார்.

அதிலிருந்து மூன்று முடிவுகள் வந்தன. கூத்து நடக்கும் நேரத்தில் யார் கையிலும் கைப்பேசி இருக்காது, எங்கள் கையிலும்கூட. கைப்பேசிக்கு வேலை கூத்துக்கு முந்தின நாளும் மறுநாளும் மட்டும். மூன்றாவது, இனி எது செய்தாலும் முதலில் கலைஞர் கையில் கொடுத்துப் பார்க்கவேண்டும்.

புள்ளிகளையும் எடுத்துவிட்டோம். இதில் கொஞ்சம் வாக்குவாதம் இருந்தது. புள்ளி இருந்ததால்தான் எழுந்து போகாமல் இருந்தார்கள் என்றார் தலைமையாசிரியர். இருந்திருக்கலாம். ஆனால் புள்ளிக்காக உட்கார்ந்த பிள்ளை துணியைப் பார்க்கவில்லை என்பதையும் நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

இரண்டாம் முறை: முந்தின நாள்

அரையாண்டு விடுமுறையில் கூத்துக்கு முந்தின நாள் பிள்ளைகளைத் துணிக்குப் பின்னால் உட்காரவைத்தோம். சார்ட் அட்டையில் உருவம் வெட்டி, துளை போட்டு, துளையில் வண்ணக் கண்ணாடித்தாள் ஒட்டி, ஈர்க்குச்சியில் கட்டச் சொன்னோம். விளக்கு, கைப்பேசியின் டார்ச்.

இங்கே அறிவியல் பாடம் தானாக வந்தது. டார்ச்சுக்கும் துணிக்கும் ஆறடி இடைவெளி வைத்தோம். பாவை துணியோடு ஒட்டியிருந்தால் நிழல் பாவையின் அளவே இருந்தது. டார்ச்சிலிருந்து மூன்றடியில் வைத்தால் நிழல் இரண்டு மடங்கு. இரண்டடியில் வைத்தால் மூன்று மடங்கு. பிள்ளைகள் ஸ்கேலை எடுத்துத் துணியில் அளந்து தாங்களே கணக்குப் போட்டார்கள். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு எல்.இ.டி. டியூப்லைட்டைப் போட்டேன். நிழலின் ஓரம் கலங்கிப்போனது. விளக்கு நீளமாக இருந்தால் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு நிழல் விழும், ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கலங்கும். பாடப்புத்தகத்தில் கருநிழல், புறநிழல் என்று படித்தது இதுதான் என்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கத்தினான். எனக்கு முதல் இரவின் டியூப்லைட் ஞாபகம் வந்தது.

கலைஞர் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாவையைத் துணியோடு ஒட்டி ஏன் பிடிக்கிறார் என்று ஒரு பையன் கேட்டான். "வெலக்கினா பேய் மாதிரி பெருசாவும். பேய் வரும்போ வெலக்குவேன்," என்றார். அப்படியே எழுந்துவந்து ஒரு பாவையை எடுத்து ஆட்டிக் காட்டினார். அதைத் திட்டத்தில் நாங்கள் எழுதிவைக்கவில்லை. அன்றைய நாளின் நல்ல பகுதி அதுதான்.

கூத்தும் மறுநாளும்

கூத்தன்று மண்டபம் முழு இருட்டு. கைப்பேசிகள் நூலக மேசையில் ஒரு கூடையில். இரண்டு கைப்பேசிகள் மட்டும் தாங்கியில் நின்றன, ஒன்று துணிக்கு முன்னால், ஒன்று பின்னால். திரையின் வெளிச்சம் வராமல் இரண்டையும் கறுப்புத் துணியால் மூடியிருந்தேன்.

பின்பக்கத்துப் படத்தை முன்கூட்டி எடுத்துப் பார்த்தபோது ஒரு சிக்கல் வந்தது. கலைஞர் அப்போது பயன்படுத்திய எல்.இ.டி. பல்பில் எடுத்தால் படத்தில் கறுப்புக் கோடுகள் மேலும் கீழும் ஓடின. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்.இ.டி. வினாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது. கைப்பேசிக் கேமரா படத்தை வரிவரியாகப் படிப்பதால் அதற்குத் தெரியும். பேட்டரியில் எரியும் விளக்கை மாட்டியதும் கோடுகள் போய்விட்டன. பழைய குண்டு பல்பிலும் இந்தத் தொல்லை குறைவு, இழை சூட்டைப் பிடித்துவைத்திருக்கும் என்பதால். ஆனால் சூட்டில் தோல் சுருளும் என்று கலைஞர் வேண்டாம் என்றார்.

உச்சிக்குடும்பன் அன்று நாற்பது நிமிடம் நின்றான். முந்தின நாள் வெட்டிய அட்டைப் பாவைகளைப் பற்றி, சார்ட் அட்டை வாங்கின கடையைப் பற்றி, மூக்கு வைக்க மறந்த ஒரு ராமனைப் பற்றியெல்லாம் பேசினான். பிள்ளைகள் பதிலுக்குக் கத்தினார்கள். அவர் பதிலுக்குப் பதில் சொன்னார். சீதையை அனுமன் கண்டபோது மண்டபம் அமைதியானது. அந்த அமைதி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் இரண்டு கைப்பேசிப் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புரொஜெக்டரில் காட்டினோம். கூத்து தொடங்கும்முன் கலைஞர் ஒரு தடவை கையைத் தட்டியிருந்தார். அந்தச் சத்தத்தை வைத்து இரண்டையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்தேன். இடது பக்கம் அனுமன் வாலில் தீயோடு பறக்கிறான். வலது பக்கம் ஒரு வயதானவர் இரண்டு கையிலும் பாவை பிடித்துக்கொண்டு, காலால் பலகையைத் தட்டிக்கொண்டு, ராட்சசர்களின் கூச்சலை ஒற்றை வாயால் போடுகிறார். அவர் மனைவி ஆர்மோனியத்தை விடாமல் இடது கையால் அடுத்த பாவையை எடுத்து நீட்டுகிறார். "உள்ள எத்தன பேரு" என்று கேட்ட பெண் புரொஜெக்டருக்கு வெகு பக்கத்தில் போய் நின்றுவிட்டாள். அவள் நிழல் திரையில் விழுந்தது. யாரும் அவளை நகரச் சொல்லவில்லை.

ஒரு வீடியோ வெளியே போனது

ஒரு வாரத்தில் பின்பக்கப் பதிவின் ஒரு துண்டு வாட்ஸ்அப்பில் சுற்றியது. எங்களில் யாரோ நல்லெண்ணத்தில் ஒரு குழுவில் போட்டிருக்கிறார்கள். கலைஞர் வீட்டுக்கே அது திரும்பி வந்தது.

அவர் வருத்தப்பட்டார். பின்பக்கத்தைக் காட்டியதற்காக இல்லை. பிள்ளைகளுக்குக் காட்ட அவரே சம்மதித்திருந்தார். எதிரில் உட்கார்ந்த பிள்ளைக்குக் காட்டுவதும் யாரென்று தெரியாதவர் கைக்குப் போவதும் ஒன்றா என்று கேட்டார். அவர் மனைவி இன்னொன்று கேட்டார்: "இத பாத்துட்டு எவனாவது கூத்துக்குக் கூப்பிடுவானா? இதுதான் பாத்தாச்சேன்னு சொல்லமாட்டானா?" அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை.

வாயால் வாங்கிய சம்மதம் போதாது என்று அப்போது புரிந்தது. ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். பதிவுகள் கலைஞர் குடும்பத்துக்குச் சொந்தம். நூலகத்தில் ஒரு பிரதி இருக்கும், நூலகத்துக்குள் பார்க்கலாம். வெளியே காட்டுவதென்றால் ஒவ்வொரு தடவையும் கேட்கவேண்டும், பணம் வந்தால் பங்கு அவர்களுக்கு. இதை முதல் நாளே எழுதியிருக்கவேண்டும். எழுதுவது நம்பிக்கைக் குறைவாகத் தெரியுமோ என்று தயங்கினோம். அந்தத் தயக்கத்தின் விலையைக் கொடுத்தது அந்தக் குடும்பம்.

கோடை

செயலியை அந்தப் பெண் முழுதாக மாற்றி எழுதினார். புதிய செயலியில் குரலே இல்லை. கைப்பேசித் திரையில் இரண்டு பாவைகள் பேசாமல் ஆடும். குரலைப் பிள்ளைதான் கொடுக்கவேண்டும். பேசினால் பதிவாகும், திரும்பப் போட்டுக் கேட்கலாம். அவ்வளவுதான். கலைஞர் கையில் கொடுத்தபோது உளுவத்தலையன் குரலில் எங்களைத் திட்டிப் பதிவு செய்து, சத்தமாகப் போட்டுக் காட்டினார்.

கூடவே ஒரு வீட்டுப்பாடம். வீட்டில் இருக்கிற பெரியவர்களிடம் பாவைக்கூத்து பார்த்த கதையைக் கேட்டுப் பதிந்து வரவேண்டும். இது தலைமையாசிரியரின் யோசனை. எங்கள் மூன்று நிகழ்ச்சிகளில் கிடைத்தவற்றில் மிகவும் பெறுமதியானது இதுதான் என்று நான் நினைக்கிறேன். மழை இல்லாத வருஷத்தில் ராமாயணக் கூத்து வைப்பார்கள், பட்டாபிஷேகத்தன்று மழை பெய்யும் என்று ஒரு பாட்டி சொல்லியிருந்தார். பத்து நாளும் ஓலைப்பாய் சுருட்டிக்கொண்டு நடந்துபோன கதையை ஒரு பாட்டா சொன்னார். நல்லதங்காள் கிணற்றில் பிள்ளைகளைப் போடும் காட்சியில் தன் அம்மா எழுந்து வெளியே போய்விடுவாள் என்று சொன்ன ஒரு பாட்டி, அதற்கு மேல் பேசவில்லை. பேரப்பிள்ளை பதிவை நிறுத்தாமல் விட்டிருக்கிறான். ஒரு நிமிடம் போல வெறும் கோழிச் சத்தம்தான் கேட்கிறது.

எல்லாப் பிள்ளைகளும் கொண்டுவரவில்லை. பாதிக்கும் குறைவாகத்தான் வந்தன. சில வீடுகளில் கேட்பதற்குப் பெரியவர்கள் இல்லை. சில வீடுகளில் கைப்பேசி இரவில்தான் பிள்ளை கைக்கு வரும்.

இப்போதைய நிலை

பக்கத்துப் பள்ளிகள் இரண்டு கலைஞரைக் கூத்துக்குக் கூப்பிட்டன. வந்தது அவ்வளவுதான். ஒரு குடும்பம் அதை நம்பிப் பிழைக்க முடியாது. அவர் மகன் ஆட்டோ ஓட்டுகிறார். கூத்தில் வாசிக்கத் தெரியும், ஆனால் ஆட்ட வரவில்லை. செயலியால் அந்த நிலைமை மாறவில்லை. மாறும் என்று யாருக்கும் நாங்கள் சொல்லவும் கூடாது.

செயலியும் இப்போது புதிய கைப்பேசிகளில் திறப்பதில்லை. அந்தப் பெண் வேலை மாறி வெளியூர் போய்விட்டார். ஆண்ட்ராய்டு மாறிக்கொண்டே போகிறது. புதுப்பிக்க ஆள் இல்லை. பிழைத்தவை சாதாரணக் கோப்புகள்தான்: கூத்தின் இரண்டு பக்கப் பதிவுகள், பெரியவர்களின் குரல்கள். அவை நூலகக் கணினியில் ஒன்று, கலைஞர் வீட்டுப் பென்டிரைவில் ஒன்று என இருக்கின்றன. மறுபடி தொடங்கினால் முதல் மாதச் செலவைச் செயலிக்குப் போடாமல் நல்ல மைக்குக்குப் போடுவேன். சாதாரணக் கோப்பாகச் சேர்த்துவைத்தது பெரும்பாலான கருவிகளில் திறக்கும்.

அட்டைப் பாவை செய்த பிள்ளைகளில் நான்கைந்து பேர் இன்னும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நூலகத்துக்கு வந்து துணி கட்டுகிறார்கள். கதை அவர்களே போடுவது. நான் எட்டிப் பார்த்தால் நிறுத்திவிடுகிறார்கள்.

அடுத்த முறைக்கு

கோடைக் கூத்து முடிந்தபோது கலைஞர் முதல்முறையாக எங்களிடம் ஒன்று கேட்டார். வயதாக வயதாகக் காது மந்தமாகிறது. பின்வரிசைப் பிள்ளைகள் சிரிப்பது அவ்வளவாக எட்டுவதில்லை. பிள்ளைகள் பக்கம் ஒரு மைக் வைத்து அந்தச் சத்தத்தைத் தனக்குக் கொண்டுவர முடியுமா என்றார்.

நூலகத்தில் வைத்துச் செய்து பார்த்தோம். அவர் பக்கம் சிறிய ஒலிபெருக்கி வைத்தால் அந்தச் சத்தம் அவருடைய மைக்கிலேயே ஏறி ஊளையிட்டது. ஆகவே முதல் இரவில் பிள்ளைகளுக்கு வாங்கிய ஹெட்போன்களில் ஒன்றை எடுத்து அவருக்கு மாட்டினோம், ஒரு காதில் மட்டும். மற்றக் காது மிருதங்கத்துக்கு வேண்டும். முதலில் புளூடூத்தில் போட்டோம். "சிரிப்பு ரெண்டு தடவ வருது சாரே. ஒண்ணு நேரா, ஒண்ணு பொறவு," என்றார். புளூடூத்தில் ஒலி போய்ச்சேர வினாடியில் ஒரு சிறு பங்கு தாமதமாகும். பாட்டுக் கேட்க அது தெரியாது, கூத்தில் தெரிந்துவிட்டது. கழற்றிவிட்டு வயர் இழுத்தேன். துணிக்கு அடியில், பாயின் ஓரமாக, பின்வரிசை வரைக்கும்.